சாமக்கொடையும் மேசை விளையாட்டும்: கோரத்தின் அளவு குறித்துச் சில குறிப்புகள்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதை வாயால் சொல்லியே ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஐயப்பாடான இடங்களில் பகடை உருட்டி முடிவு காண்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் அச்சு நூல். நம் மாணவர் சிலர் இதில் தோய்ந்தவர்கள். அவர்கள் புதிதாக நடத்தத் திட்டமிட்டிருக்கும் கதையின் களம் மாஞ்சோலை. மூடுபனி, தேயிலைச் சரிவு, ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும் லயன் வீடுகள், இரவில் கேட்கும் அழுகுரல். பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும்? அவர்கள் நம்மிடம் கேட்டது ஒன்றே: இரத்தமும் சிதைந்த உடலும் வரும் இடங்களை எவ்வளவு தூரம் விரித்துச் சொல்லலாம்?

இதை மேல்நாட்டு விளையாட்டு ஒன்றின் சில்லறைச் சிக்கல் என்று தள்ளிவிட முடியவில்லை. கூட்டமாக அமர்ந்து, முடிவு தெரிந்த ஒரு கொடுமையைச் சொல்லக் கேட்டு, கேட்பவருள் சிலர் அந்தப் பாத்திரமாகவே மாறி எழுந்து ஆடும் வழக்கம் தாமிரபரணிக் கரையில் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்குக் கொடை என்று பெயர். கோரத்தை எங்கே வைப்பது, யார் தாங்குவது, எப்படி வெளியேறுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் வில்லுப்பாட்டுப் புலவரும் கணியான் கூத்து அண்ணாவியும் நடைமுறையில் விடை வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அச்சமும் அருவருப்பும் ஒன்றல்ல. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக எண்ணுகிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது சொல்வன நான்கு: அணங்கு, விலங்கு, திருடர், தம்மை ஆளும் அரசன். அரசனைப் பேய்க்கும் புலிக்கும் கொள்ளையனுக்கும் பக்கத்தில் நிறுத்திய துணிவை இன்று எண்ணினாலும் வியப்புத்தான். இளிவரலுக்கு அது கூறும் காரணங்களோ முதுமை, நோய், துன்பம், எளிமை ஆகியவை. வடமொழி அலங்கார நூலார் பீபத்ஸ சுவைக்குக் குருதியையும் நிணத்தையும் புழுவையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். தொல்காப்பியத்தின் பட்டியலில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. மனிதன் ஒருவன் இருந்த நிலையிலிருந்து குன்றிப் போவதைக் காணும்போது எழுவதே இளிவரல் என்பது அதன் கணக்கு. ஆகவே வெட்டுண்ட உடல் வெறுமனே உடலாக இருக்கும்வரை அதில் சுவை ஏதும் இல்லை. யாருடைய உடல் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு முத்துப்பட்டன் கதையைவிடத் தெளிவான சான்று நெல்லையில் கிடையாது. காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அமர்ந்திருப்பவன் இவனே. நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல் இது. வாசகர் பலர் அறிந்திருக்கலாம். அறியாதவர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். அந்தணர் குலத்தில் பிறந்த பட்டன் தமையன்மாரோடு பிணங்கி வெளியேறுகிறான். பின்னர் அவர்களோடு ஊர் திரும்பும் வழியில், மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரின் பாட்டைக் கேட்டு அவர்கள்மேல் காதல் கொள்கிறான். அவர்களின் தகப்பன் வாலப்பகடை அருந்ததியர். (கதைப்பாடல் வழங்கும் பழைய சாதிப்பெயரை இங்கே எழுத நமக்கு விருப்பமில்லை. பகடை என்ற பட்டப்பெயரும் மாணவர் உருட்டும் பகடையும் ஒரே எழுத்துகள் என்பதற்குமேல் எதையும் ஏற்றிச் சொல்லப் போவதுமில்லை.) பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துக் கொண்டுவந்தால் பெண் தருவேன் என்கிறான் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். தமையன்மார் அவனைக் கல்லறையில் அடைத்தும் தடுக்க முடியவில்லை. திருமணம் நடக்கிறது. அன்றிரவே மாடுகளைக் கள்வர் ஓட்டிச் செல்லும் செய்தி வருகிறது. பட்டன் போய்ப் பொருது வெல்கிறான். வென்றபின் குருதியைக் கழுவ ஓடையில் இறங்கும்போது, மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். பெண்கள் சிங்கம்பட்டி அரசனிடம் சென்று தீப்பாய அனுமதி கேட்கிறார்கள். அவன் தடுத்துப் பார்த்துப் பின் இசைகிறான். இருவரும் சிதையேறுகிறார்கள்.

கதையில் கொலை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பட்டன் கள்வரை வெட்டிய வெட்டுக்கெல்லாம் கேட்பவர் நடுங்குவதில்லை, அது வீரம். அந்தக் கள்வரின் பெயர்கூட நம்மிடம் நிற்பதில்லை. நடுக்கம் வருவது, போர் முடிந்து ஒருவன் குனிந்து முகம் கழுவுகிற நேரத்தில். அதற்கு முன்பே கெட்ட கனவு ஒன்று சொல்லப்பட்டுவிட்டது. சாவு வரும் என்று கேட்பவருக்குத் தெரியும், பட்டனுக்குத்தான் தெரியாது. குத்து விழுந்த பின்பும் கதை உடனே பிணத்தைக் காட்டுவதில்லை. அவனுடன் சென்ற நாய் இரத்தம் தோய்ந்த உடம்போடு பெண்களிடம் ஓடி வருகிறது. அவர்கள் முதலில் காண்பது நாயின் மேலிருக்கும் குருதியை. உடலைக் காட்டுவதற்கு முன் உடலின் செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. இதைவிட நுட்பமாகக் கோரத்தைக் கையாள எந்த விளையாட்டு நூலும் கற்றுத்தராது என்றே நினைக்கிறோம். ஒருநாளும் வாழாத வாழ்க்கை ஒன்று அந்த ஓடையில் முடிகிறது. அவன் எதையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு வந்தான் என்பதை இரவெல்லாம் கேட்டிருந்தவருக்கே அந்தக் குத்து வலிக்கும்.

முடிவு முன்னரே தெரிந்திருப்பது அச்சத்தைக் குறைக்கும் என்று மாணவர் வாதிட்டார்கள். ஸ்டீபன் டூயி 2015-இல் வெளியிட்ட 'டென் கேண்டில்ஸ்' என்ற விளையாட்டில் பத்து மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துத் தொடங்குகிறார்கள். ஒவ்வொன்றாக அணைந்து, கடைசிச் சுடர் போகும்போது எல்லாப் பாத்திரங்களும் மடிந்தாக வேண்டும். இது முதலிலேயே ஆடுவோர் அனைவருக்கும் சொல்லப்பட்டுவிடும். வில்லுப்பாட்டில் இதற்கு வருபொருள் உரைத்தல் என்று பெயர். காப்புப் பாடியதும், இன்று யாருடைய கதை வரப்போகிறது என்பதைப் புலவர் அறிவித்துவிடுவார். குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் கடந்தே கதை. யாரும் ஏமாற்றப்பட்டுப் பயத்துக்குள் தள்ளப்படுவதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டுப் பகுதியில் வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். தெய்வப்பிறப்பாக வந்தவர்களின் கதை, கொலையுண்டு தெய்வமானவர்களின் கதை என இரு பெரும் பிரிவுகளை அவர் அதில் விளக்குகிறார். பின்னவற்றை மக்கள் வெட்டுப்பட்ட வாதை என்பர். கொடையின் நடுப்பகுதிக்கு, அதாவது சடங்கின் உச்சத்துக்கு, இறப்புக் கதைகளே உரியவை. அந்த இறப்புப் பாடப்படும்போதே சாமியாட்டம் மேலெழுகிறது என்பது அவர் கண்டது. வீசுகோல் வில்லின் நாணில் விழும் வேகமும், குடத்தின் முழக்கமும், உடுக்கையும் அந்த இடத்தில் ஏறுகின்றன. சாமியாடி எழுகிறார். பாடுபவர் அவரைப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். ஏற்றவும் இறக்கவும் அவரால் முடியும். சென்னை வானொலியிலும் மேடையிலும் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) அக்கலையைத் தமிழகம் முழுதும் கொண்டுசென்ற பெருமைக்குரியவர். ஆனால் அந்த நகர வில்லில் நகைச்சுவை உண்டு, அறிவுரை உண்டு, நள்ளிரவு இல்லை.

நள்ளிரவு என்பது வெறும் சூழல் அலங்காரமன்று. மதியக்கொடை என்றும் சாமக்கொடை என்றும் பொழுதுகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இன்னது இன்ன நேரத்தில் என்ற வரையறை உண்டு. சுடலைமாடன் கொடையில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். சுடலையின் கதை பட்டன் கதை போன்றதன்று; அது அருவருப்பின் எல்லைவரை செல்வது. விளக்கின் சுடரிலிருந்து பார்வதிக்குப் பிள்ளையாய்ப் பிறந்த குழந்தை இரவில் எழுந்துபோய் மயானத்தில் பிணம் தின்கிறது. பெற்றவளே அருவருக்கிறாள். பின்னர் மலையாள நாட்டு மந்திரவாதி காளிப்பெரும்புலையனோடு மோதும் பகுதியில், அவன் தன் சூல்கொண்ட மகளையே சுடலைக்குப் பலியாகத் தரும் நிலைக்குத் தள்ளப்படுகிறான். நாம் படித்த எந்தப் பேய்க்கதையிலும் இதற்கு ஈடான கொடுமை இல்லை. இங்கும் கோரத்தின் மையம் கிழிபட்ட வயிறு அன்று, கத்தியைப் பிடித்திருக்கும் கை தகப்பனுடையது என்பதே.

இக்கொடைகளில் ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறைவகை இரண்டு முழங்க, அண்ணாவி பாட, பெண்வேடமிட்ட ஆடவர் இருவர் ஆடுவர். உச்சப் பொழுதில் கணியான் தன் கையைக் கத்தியால் கீறி உதிரம் சிந்துகிறார். கைவெட்டு என்பது இதன் பெயர். கதையில் சொல்லப்பட்ட குருதி அந்த ஒரு கணத்தில் உண்மைக் குருதியாகிவிடுகிறது. ஆனால் சில துளிகள் மட்டுமே, ஒருவருடையது மட்டுமே, அதற்கென உரிமை பெற்ற ஒருவருடையது. சுடலை ஏறிய கோமரத்தாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போகும்போது ஊரார் பின்தொடர்வதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதை ஊர் பார்ப்பதில்லை. போவதைப் பார்க்கும், திரும்பி வருவதைப் பார்க்கும். நடுவில் இருப்பது இருட்டும் மகுடத்தின் ஓசையும். கோரத்தின் உச்சத்தை ஊரே தன் கண்ணிலிருந்து மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறது!

மேசை விளையாட்டுக்காரர்கள் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1981-இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்துக் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கத்துல்ஹு', அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளை அடியொற்றியது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனத்தெளிவுக்கு ஓர் எண் உண்டு. பயங்கரத்தைக் காணும்தோறும் அது குறையும். கண்டது காண்பவனை என்ன செய்கிறது என்பதை விளையாட்டின் விதியாகவே ஆக்கியது அதன் சாதனை. ஆடுபவரின் மனத்துக்கான விதிகள் பின்னர் வந்தன. ரான் எட்வர்ட்ஸ் 2003-இல் கோடுகள், திரைகள் என்ற பாகுபாட்டை முன்வைத்தார். கோடு என்பது கதைக்குள் வரவே கூடாதது. திரை என்பது வரலாம், ஆனால் விவரிக்காமல் மறைத்துக் கடக்க வேண்டியது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013-இல் அறிமுகப்படுத்திய ஒரு முறையில், பெருக்கல் குறி எழுதிய அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும். தாங்க முடியாதவர் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தப் பகுதி நீக்கப்படும். வேட்டைக்குப் போகும் சுடலையை ஊர் பின்தொடராதது திரைதான். உரியவரல்லாதவர் மேல் சாமி ஏறித் தள்ளாடினால் திருநீறு பூசி அமர்த்துவதை அந்த அட்டையின் பணியோடு ஒப்பிடலாம். முழுப் பொருத்தம் என்று நாம் வாதிடவில்லை. அங்கே ஆடுபவருக்கு நம்பிக்கை உண்டு. இங்கே நடிப்பு மட்டுமே. விளையாட்டில் செத்தவனுக்கு அடுத்த நாள் படையல் கிடையாது. இந்த வேறுபாடு சிறியதன்று.

எதைத் திரையிட்டு மறைக்கிறோம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. முத்துப்பட்டன் கதையின் வேறு வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் வீட்டில் பிறந்தவர்களே அல்லர். அந்தணர் வயிற்றில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடை எடுத்து வளர்த்த பெண்கள் என்று கதை திருத்தப்பட்டிருக்கிறது. சாதி மேலோரின் மனம் நோகாதிருக்கச் செய்த பிற்காலச் சேர்க்கை இது என வானமாமலை எடுத்துக்காட்டினார். இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். முதுகில் குத்திய கத்தியை யாரும் திருத்தவில்லை. ஓடையில் கலந்த குருதியைத் திருத்தவில்லை. இரண்டு இளம்பெண்கள் நெருப்பில் இறங்குவதையும் திருத்தவில்லை. திருத்த வேண்டியதாகப் பட்டது கல்யாணம் ஒன்றுதான். அந்தச் சமூகத்துக்குத் தாங்க முடியாத பயங்கரம் எது என்பது இப்போது தெரிந்துவிடுகிறது. குருதியை எவ்வளவும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பூணூல் அறுபடும் ஓசையைத்தான் கேட்க முடியவில்லை. கதை நடத்துநர் ஒருவர் தம் மேசையில் உண்மையில் அஞ்சப்படுவது எது என்று தேடினால், அது பெரும்பாலும் இரத்தத்தில் கிடைக்காது.

இந்த இடத்தில் மாஞ்சோலைக்கு வருவோம். பட்டன் கதையில் தீப்பாய அனுமதி தந்தது சிங்கம்பட்டி அரசன். அதே சிங்கம்பட்டி ஜமீன்தான் 1929-இல் தன் மலைக்காட்டில் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எழுந்தன. கீழேயிருந்து ஏறிச் சென்ற உழைப்பாளிகள் அங்கே தலைமுறைகளைக் கழித்தனர். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தருகே போலீசார் தடியடி நடத்தினர். மக்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டனர். இறந்தவர் 17 பேர். அவர்களுள் பெண்கள் இருவர். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கூறியது. ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படம் அந்நாளைப் பதிவு செய்தது. மாரி செல்வராஜ் தம் சிறுகதைத் தொகுப்புக்குத் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார். குத்தகை 2028-இல் முடியவேண்டியது. அதற்கு முன்பே, 2024-இல், நிறுவனம் வேலையை நிறுத்தியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர் கணக்கு முடிக்கப்பட்டது. மாணவர் நம்மிடம் விவரித்த ஆளற்ற லயன் வீடுகள் அப்படித்தான் உருவாகின்றன.

ஆகவே மாஞ்சோலையில் பேய் வைக்கலாமா என்ற கேள்வி கலையோடு நின்றுவிடவில்லை. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் இன்றும் பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் கல்லிடைக்குறிச்சியிலும் கடைத்தெருவில் எதிர்ப்படக்கூடியவர்கள். அவர்கள் நேற்றுவரை சமைத்த அடுப்படியில் முகமில்லாத ஒரு பிணத்தைக் கிடத்திக் காட்டுவது, நம் நோக்கில், சோம்பேறித்தனம். பெயரும் உறவும் இல்லாத பிணம் இளிவரலைத் தராது என்பது மேலே கண்டது. ஆற்றில் நடந்ததை அப்படியே எடுத்துப் பகடை உருட்டி ஆடுவதும் கூடாது. நம் மேசையில் அதற்கு ஒரு கோடு கிழிப்போம். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் ஆற்றுக்கு வந்து மலர் தூவுகிறவர்கள் இருக்கும்போது, அது ஆட்டப்பொருள் ஆகாது.

எனில் அஞ்சத்தக்கதாக அந்த மலையில் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். நிறையவே மிஞ்சுகிறது. அச்சத்தின் நான்காவது காரணத்தைத் தொல்காப்பியம் அரசனிடம் வைத்திருப்பதை மறக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் ஒரு காகிதம், மூன்று தலைமுறை வாழ்ந்தும் சொந்தமாகாத ஒரு கதவு, இரவில் மலையிறங்கும் பேருந்தில் வைக்க இடமில்லாத ஒரு குலதெய்வக் கல். ஆடுபவர்கள் அந்த வீட்டு மனிதர்களாகவே இருந்து, முதல் இரண்டு அமர்வுகளில் பேய் எதுவும் வராமல், கொழுந்து எடுத்து, கூலி வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் பேசிப் பழகட்டும். நாட்டுவளம் பாடாமல் எந்தப் புலவரும் கதைக்குள் நுழைவதில்லை. வளத்தைக் கேட்டவருக்கே இழப்புத் தெரியும். பிறகு ஓர் இரவில் ஒரு நாய் மட்டும் ஈர உடம்போடு திரும்பி வந்தால் போதும்.

வில்லுப்பாட்டு வாழி பாடி முடியும். பாடியவர், கேட்டவர், கொடை நடத்தியவர், ஊர், மழை, பயிர் எல்லாம் வாழ்த்தப்படும். எவ்வளவு கொடிய கதையானாலும் வாழி பாடாமல் வில்லை இறக்குவதில்லை. மேசைக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். நல்ல பழக்கம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் பெருகும். சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் மறையும்வரை, அன்று அரச உடையில் அமர்ந்து காட்சி தருவது வழக்கமாக இருந்தது. பட்டவராயன் சந்நிதியில் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து வைப்பது செருப்பு. புதிதாகத் தைத்த தோல் செருப்புகள் அங்கே தொங்குகின்றன. எல்லாச் சாதியாரும் கொண்டுவருகிறார்கள். இரவில் பட்டன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் காவல் சுற்றுவதாகவும், அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் அடி தேய்ந்து, மண் ஒட்டியிருப்பதாகவும் சொல்கிறார்கள்.